பழைய கார் வாங்கப் போறீங்களா? முதல்ல பதினேழு எழுத்தைப் படிங்க



இந்த வார எபிசோடின் கடைசிப் பத்து நிமிஷத்தில் பழைய கார் பேச்சு வந்தது. ஆரம்பிச்ச வேகத்தில் நேரம் முடிஞ்சு போச்சு. "ஜர்னல் ஸ்கொயரில் வீடு, பார்சிப்பனியில் ஆபீஸ், கையில் 8,000 டாலர். என்ன கார் வாங்கலாம்?" ஜெர்சி சிட்டிக்கு வந்து சேர்கிற நம்ம ஆட்களுக்கு முதல் வருஷத்திலேயே வருகிற கேள்வி இது. பேசினதைவிட எழுதினால் தெளிவா இருக்கும்னு தோணுது. முதலில் நான் பட்ட கதை.

2012 அக்டோபர் 29 இரவு சாண்டி புயல் கரையைக் கடந்தது. ஹோபோக்கனிலும் ஜெர்சி சிட்டியின் தாழ்வான தெருக்களிலும் தண்ணீர் புகுந்தது. அந்தப் புயலில் 2 லட்சத்துக்கும் அதிகமான வண்டிகள் சேதமானதாக இன்சூரன்ஸ் துறை கணக்குச் சொன்னது. அந்தக் கார்கள் எல்லாம் பிறகு எங்கே போயின என்ற கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. 2013 ஏப்ரலில், தனி ஆள் ஒருவரிடம் 4,800 டாலர் கொடுத்து ஒரு செடான் வாங்கினேன். டைட்டில் வேறு மாநிலத்தில் கொடுத்தது, ஆனால் சுத்தமா இருந்தது. காருக்குள் ஏர் ஃப்ரெஷ்னர் வாசனை கமகமன்னு. 'மனுஷன் எவ்வளவு அக்கறையா வச்சிருக்கார்' என்று நினைச்சுக்கிட்டேன்.

மூணாவது மாசம், புலாஸ்கி ஸ்கைவேயின் நடுவில், டேஷ்போர்டு மொத்தமும் அணைஞ்சது. ஸ்டீயரிங் கல்லு மாதிரி ஆயிடுச்சு. 1932இல் திறந்த பாலம் அது. ஓரமா ஒதுக்கி நிறுத்த இடமே கிடையாது. பக்கத்து சீட்டில் மனைவி, ஐந்து மாத கர்ப்பம். அந்தப் பாலத்தில் லாரிகளுக்கு அனுமதி இல்லை என்பது மட்டும்தான் அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். போலீஸ் வண்டி வந்து பின்னால் விளக்குப் போட்டு நிற்கும் வரை, ரியர்வியூ கண்ணாடியில் வந்த ஒவ்வொரு ஹெட்லைட்டும் இன்னும் எனக்கு நினைவிருக்கு.

மெக்கானிக் கார்பெட்டைத் தூக்கிக் காட்டினார். அடியில் மாவு மாதிரி வண்டல். வயர் கனெக்டர்களில் பச்சைப் பச்சையாப் பூத்திருந்தது. தண்ணீரில் முங்கி எழுந்த கார். சரி செய்ய ஆகிற செலவு கார் விலையைத் தாண்டியது. 400 டாலருக்குப் பழைய இரும்பாகப் போட்டேன். அன்றைக்கு என்னிடம் இருந்த சேமிப்பில் பெரும்பகுதி அது.

ஏமாறுவது ஏன்?

ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970இல் பழைய கார் சந்தையை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்க அதுவே முக்கியக் காரணம். விஷயம் எளிமையானதுதான். காரைப் பற்றி விற்கிறவருக்கு எல்லாம் தெரியும், வாங்குகிறவருக்கு ஒன்றும் தெரியாது. அதனால் வாங்குகிறவர் பயந்து சராசரி விலைதான் தருவார். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவர் விற்க மாட்டார். கடைசியில் சந்தையில் மிஞ்சுவது ஓட்டை வண்டிகள்தான்.

ஆனால் 1970இல் இல்லாத சில கருவிகள் இன்னைக்கு நம்ம பாக்கெட்டில் இருக்கு. விற்கிறவருக்குத் தெரிந்ததில் முக்கால்வாசியை நாமும் தெரிஞ்சுக்கலாம். நம்ம பாட்காஸ்டில் இந்த விஷயத்தை எடுத்ததே அதுக்காகத்தான்.

முதலில், கார் வேணுமா?

ஆபீஸ் மெட்ரோபார்க், எடிசன், நியூ பிரன்ஸ்விக் ஸ்டேஷன்களுக்குப் பக்கத்தில் என்றால், பாத் ரயிலில் நூவர்க் போய் அங்கிருந்து நியூஜெர்சி டிரான்சிட் பிடிச்சுப் போயிடலாம். பார்சிப்பனி, பிரிட்ஜ்வாட்டர், பிஸ்கேடவே ஆபீஸ் பார்க்குகள் என்றால் கார் இல்லாமல் கஷ்டம்தான். ஜெர்சி சிட்டி முகவரிக்கு இன்சூரன்ஸ் என்ன வரும் என்பதைக் கார் தேடும் முன்பே கேட்டுக்கோங்க. காரின் விலை ஒரு தடவை கொடுப்பது. இன்சூரன்ஸ் ஒவ்வொரு மாசமும் கொடுப்பது.

எந்தக் கார்?

தினசரி வேலைக்குப் போய்வர சுவாரசியமில்லாத கார்தான் நல்ல கார். டொயோட்டா கொரோலா, ஹோண்டா சிவிக், மஸ்டா 3 என்று எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கு. பழைய கார் செலவு பெரும்பாலும் கியர்பாக்ஸில் வரும். 2013 வரை வந்த கொரோலாவில் பழைய பாணி நாலு கியர் ஆட்டோமேட்டிக், 2013 வரை வந்த சிவிக்கில் ஐந்து கியர். இரண்டிலுமே அடுத்த வருஷ மாடலில் இருந்து சிவிடி வந்தது. மஸ்டா 3 ஆறு கியர் ஆட்டோமேட்டிக்கிலேயே தொடர்ந்தது.

சிவிடி எல்லாமே மோசம் இல்லை. ஆனால் நிஸான் நிறுவனம் தன் பல மாடல்களுக்கு சிவிடி வாரண்டியை நீட்டிக்க வேண்டி வந்தது. ஃபோர்டின் 2012 முதல் 2016 வரையிலான ஃபோகஸ், 2011 முதல் 2016 வரையிலான ஃபியெஸ்டா கார்களின் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் கோர்ட்டு வரை போனது. இந்தக் கார்கள் மலிவாகக் கிடைத்தால் ஏன் மலிவு என்று கேளுங்க.

தெருவில் நிறுத்துகிறவர்களுக்கு இன்னொன்று. 2011 முதல் 2021 வரையிலான பல ஹூண்டாய், கியா கார்களில், குறிப்பாகச் சாவியைத் திருகி ஸ்டார்ட் செய்யும் மாடல்களில், இம்மொபிலைசர் இல்லை. 2022இல் இதைத் திருடும் விதம் வீடியோவாகவே பரவியது. 2023 பிப்ரவரியில் நிறுவனங்கள் இலவச மென்பொருள் அப்டேட் கொடுக்க ஆரம்பித்தன. நீங்கள் பார்க்கும் காருக்கு அது போட்டிருக்கிறதா என்று கேளுங்க.

பதினேழு எழுத்து

1981 மாடலில் இருந்து அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு காருக்கும் 17 எழுத்தும் எண்ணும் கலந்த வின் நம்பர் உண்டு. ஓட்டுநர் பக்கம் முன்கண்ணாடியின் கீழ் மூலையில் தெரியும். கதவு ஓர ஸ்டிக்கரிலும் டைட்டிலிலும் அதே எண் இருக்கணும். பத்தாவது எழுத்து மாடல் வருஷம்: ஈ என்றால் 2014, எஃப் என்றால் 2015, ஜி என்றால் 2016. விளம்பரத்தில் சொன்ன வருஷத்தோடு இது ஒத்துப்போகுதா பாருங்க.

இந்த எண்ணை வைத்து மூணு வேலை.

ஒன்று, தேசிய நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தளத்தில் ரீகால் பாருங்க. இலவசம். டகாட்டா ஏர்பேக் ரீகாலில் மட்டும் சுமார் 6 கோடியே 70 லட்சம் இன்ஃப்ளேட்டர்கள் அடங்கும். வெப்பமும் ஈரமும் பட்டு அதில் இருக்கும் ரசாயனம் கெட்டுப்போய், ஏர்பேக் விரியும்போது உலோகத் துண்டுகள் சிதறின, உயிர்கள் போயின. மாற்றாத கார்கள் இன்னும் ஓடுகின்றன. டீலரிடம் இலவசமாகவே மாற்றித் தருவார்கள்.

இரண்டு, தேசிய இன்சூரன்ஸ் குற்றப் பிரிவின் இலவச வின் சோதனை. திருட்டு, சால்வேஜ் பதிவு இருந்தால் காட்டும்.

மூன்று, நீதித்துறை மேற்பார்வையில் இயங்கும் தேசிய டைட்டில் தகவல் அமைப்பின் அறிக்கை. சில டாலர்தான். 'ஃபிளட்', 'சால்வேஜ்' முத்திரை விழுந்த காரை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோய்ப் புது டைட்டில் வாங்கி முத்திரையை மறைப்பதை 'டைட்டில் வாஷிங்' என்பார்கள். அதைப் பிடிக்கத்தான் இந்த அமைப்பு. ஆனால் இன்சூரன்ஸுக்குப் போகாத சேதம் எந்த அறிக்கையிலும் வராது. அதனால் பேப்பர் சுத்தமா இருந்தாலும் அடுத்த படியை விடக்கூடாது.

இருபது டாலர் கருவி

1996 மாடலில் இருந்து எல்லாக் கார்களிலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓபிடி-2 போர்ட் இருக்கு. அதில் செருகுகிற ப்ளூடூத் ரீடர் இருபது டாலர் சுமாருக்குக் கிடைக்கும். ஐபோன் வைத்திருப்பவர்கள் கவனிங்க: பழைய வகை ப்ளூடூத் ரீடர் உங்களுக்கு வேலை செய்யாது, வைஃபை அல்லது ப்ளூடூத் லோ எனர்ஜி வகை வாங்கணும்.

பிழைக் கோடு இருக்கா என்று மட்டும் பார்த்தால் போதாது. விற்கிறவரும் இதே கருவியால் கோடை அழித்து, செக் எஞ்சின் விளக்கை அணைச்சிருக்கலாம். அப்படி அழித்தால் கூடவே 'ரெடினெஸ் மானிட்டர்' எல்லாம் பூஜ்யத்துக்குப் போயிடும். கார் தன்னைத்தானே பரிசோதிச்சு முடிக்க ஒரு சில நாள் ஓடணும். ஆகவே, விளக்கு எரியலை, ஆனால் பல மானிட்டர்கள் முடியவில்லை என்று வந்தால் சந்தேகப்படுங்க. "நேத்துதான் பேட்டரி மாத்தினேன்" என்பார்கள். உண்மையாகவும் இருக்கலாம். "சரி, அடுத்த வாரம் வர்றேன்" என்று சொல்லிட்டு வந்துடுங்க. 2010க்குப் பிறகான கார்களில் 'பெர்மனென்ட் கோடு' என்று ஒன்று உண்டு. அதைக் கருவியால் அழிக்க முடியாது. பழுது சரியாகி, கார் தானே சோதித்துத் திருப்திப்பட்டால்தான் போகும். அதையும் படிக்கிற ஆப் பார்த்து வாங்குங்க.

கண், மூக்கு, கை

போகும் முன் "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிடுங்க. போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும்.

சீட் பெல்ட்டை முழுசா இழுங்க, கடைசி அடியில் சேற்றுக் கோடு இருக்கா? ஸ்டெப்னி டயருக்குக் கீழே ஈரமோ மண்ணோ இருக்கா? சீட்டுக்கு அடியில் ஸ்க்ரூக்கள் துருப்பிடிச்சிருக்கா? ஏர் ஃப்ரெஷ்னர் வாசனை அளவுக்கு மீறி இருக்கா? இந்த நாலையும் 2013இல் நான் பார்த்திருந்தால் 4,800 டாலர் மிஞ்சியிருக்கும். சாண்டி பழைய கதைதான். ஆனால் 2021 செப்டம்பரில் ஐடா வந்தது, இனியும் ஒன்று வரும்.

நம்ம ஊர் குளிரில் சாலையில் உப்புப் போடுகிறார்கள், அதனால் அடிப்பாகத் துரு முக்கியம். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும்: 3521 என்றால் 2021ஆம் வருஷம் 35ஆவது வாரம் செய்தது. பழைய ஓனரின் போன் ஆப்பில் இருந்து காரை நீக்கச் சொல்லுங்க. இல்லாவிட்டால் நீங்கள் எங்கே நிறுத்தினாலும் அவருக்குத் தெரியும்.

இவ்வளவும் சரியா இருந்தால், விற்கிறவருக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக்கிடம் காட்டுங்க. 150, 200 டாலர் ஆகும். அதுக்கு விற்கிறவர் ஒத்துக்கலைன்னா அதுவே பதில்.

சட்டம் எங்கே நிற்கிறது?

நியூஜெர்சியின் இன்ஸ்பெக்‌ஷன் ஸ்டிக்கரைப் பார்த்து நிம்மதி அடையாதீங்க. 2010 ஆகஸ்டில் இருந்து சாதாரண கார்களுக்குப் புகைச் சோதனை மட்டும்தான்; பிரேக்கை யாரும் பார்ப்பதில்லை.

டீலரிடம் வாங்கினால் மாநிலத்தின் பழைய கார் லெமன் சட்டம் உண்டு. கார் ஏழு மாடல் வருஷத்துக்குள், 1,00,000 மைலுக்குள், விலை 3,000 டாலருக்குக் குறையாமல் இருக்கணும். 24,000 மைல் வரை 90 நாள் அல்லது 3,000 மைல். 60,000 வரை 60 நாள் அல்லது 2,000 மைல். 1,00,000 வரை 30 நாள் அல்லது 1,000 மைல் வாரண்டி. எது முதலில் முடிகிறதோ அது. 60,000 மைல் தாண்டிய காருக்கு இந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தனித்தாளில் கையெழுத்து கேட்கலாம், படிக்காமல் போடாதீங்க. விற்பனை வரி 6.625 சதவீதம், 8,000 டாலருக்கு 530. அதற்கு மேல் டீலரின் கட்டணங்கள் தனி, அதனால் எல்லாம் சேர்த்துக் கடைசித் தொகை எவ்வளவு என்று மட்டும் கேளுங்க. ஞாயிற்றுக்கிழமை கார் விற்க இங்கே சட்டம் அனுமதிப்பதில்லை, வீணாக அலையாதீங்க.

தனி ஆளிடம் வாங்கினால் இந்தச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. வாட்ஸ்அப் குரூப்பில் "இந்தியாவுக்குத் திரும்பறோம், காரைக் கொடுக்கணும்" என்று வருகிற கார்கள் பல நேரம் நல்ல கார்கள்தான்: ஒரே ஓனர், சர்வீஸ் ரசீது எல்லாம் இருக்கும். ஆனாலும் 'நம்ம ஆளுதானே' என்று சோதனையை விட்டுடாதீங்க. டைட்டிலில் பேங்க் கடன் பாக்கி இருந்தால், அது தீர்ந்த பிறகே பணம் கொடுங்க. நம்பர் பிளேட் விற்கிறவருடையது, அவர் கழற்றிக்கொள்வார். உங்கள் பதிவும் இன்சூரன்ஸும் முடியாமல் ஓட்டிக்கொண்டு வர முடியாது.

8,000 டாலர் கையில் இருந்தால் 6,500க்குத் தேடுங்க. மிச்சம் வரிக்கும், டயருக்கும், பிரேக்குக்கும் வேணும்.

2013 இறுதியில் ஒரு டீலரிடம் 52,000 மைல் ஓடிய 2009 கொரோலா வாங்கினேன். மகளை ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது அதில்தான். போன வருஷம் அதை ஊரில் இருந்து புதுசா வந்த ஒரு தம்பிக்கு விற்றேன். ஓபிடி ரீடரை அவர் கையில் கொடுத்தேன். "வேணாம்ணா, உங்க மேல நம்பிக்கை இருக்கு" என்றார். நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் ஒருத்தரை நம்பினேன்னு சொல்லி, அவரையே செருகிப் பார்க்க வைத்தேன். மானிட்டர் எல்லாம் ரெடி. ரீடரையும் அவரே வச்சுக்கிட்டார்.

உங்க கார் அனுபவத்தைப் பதில் மெயிலில் எழுதுங்க. நல்ல பாடமா இருந்தால், பேர் சொல்லாமல் அடுத்த எபிசோடில் படிக்கிறோம். அடுத்த வாரம் பார்க்கலாம்.