கலம்பகமும் தொலைக்காட்சியின் ஒரு நாளும்

செய்யுள் வகைகளை வரையறுத்துக் காட்டும் பாட்டியல் நூல்கள் தமிழிற் பல உள. இல்லந்தொறும் நாள்தோறும் ஒலிக்கும் தொலைக்காட்சியின் நிகழ்ச்சி நிரலை அவ்வாறு வகுத்து ஆராய்தற்குரிய இலக்கணம் நம்மிடம் இல்லை. ஒரு நாடகத்தையோ ஒரு திரைப்பாடலையோ தனியே எடுத்து ஆராய்கின்றோம். அது தனக்கு முன்னும் பின்னும் நின்ற நிகழ்ச்சிகளோடு கொண்ட உறவினை நோக்குவதில்லை. பொது ஒளிபரப்பின் ஒரு நாள் நிரலைக் கலம்பகம் என்னும் சிற்றிலக்கிய வகையோடு ஒப்பிட்டு, அவ்வொப்புமை பொருந்தும் இடத்தையும் பொருந்தா இடத்தையும் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலம்பகம் என்னும் சொல், தொண்டரடிப்பொடியாழ்வாரின் திருப்பள்ளியெழுச்சியில், பல பூக்களால் தொடுத்த மாலையைக் குறித்து நிற்கின்றது. பிற்காலத்தார் அச்சொல்லைக் கலம் (பன்னிரண்டு), பகம் (அதன் பாதியாகிய ஆறு) எனப் பிரித்துப் பதினெட்டு உறுப்புகளை உடையது எனப் பொருள் கூறினர். அவ்வகையில் நமக்குக் கிடைக்கும் நூல்களுள் முற்பட்டது, ஒன்பதாம் நூற்றாண்டில் மூன்றாம் நந்திவர்மன்மேற் பாடப்பெற்ற நந்திக் கலம்பகம். குறத்தி, மறவர், பாணன், கட்குடியர், சித்தர், அம்மானை ஆடும் மகளிர் எனப் பல திறத்தாரும் இவ்வகை நூலில் இடம்பெறுவர். அகமும் புறமும் அதன்கண் விரவி வரும். பா வகையும் மாறி மாறி வரும். எனினும் அது கண்டவற்றைக் குவித்த குப்பை அன்று. அந்தாதித் தொடை செய்யுட்களைப் பிணைக்கின்றது. பாட்டுடைத் தலைவன் ஒருவன் அவை அனைத்தையும் தாங்கி நிற்கின்றான். பன்மை, தொடர்ச்சி, தலைமை ஆகிய இம்மூன்றுமே கலம்பகத்தின் உயிர்நிலை எனலாம்.

இனி, தொலைக்காட்சிக்கு வருவோம். இந்தியாவில் 1959 செப்டம்பர் 15ஆம் நாள் தில்லியில் சோதனை முறையில் ஒளிபரப்புத் தொடங்கிற்று. சென்னை நிலையம் 1975 ஆகஸ்டு 15ஆம் நாள் தோன்றிற்று. 1976இல் தூர்தர்ஷன் அகில இந்திய வானொலியினின்றும் பிரிந்து தனி அமைப்பாயிற்று. 1982இல் நாடு முழுமைக்குமான தேசிய நிகழ்ச்சியும் வண்ண ஒளிபரப்பும் தொடங்கின. அக்காலத்தில் சென்னை நிலையத்தின் தமிழ் நிகழ்ச்சிகளுக்கு மாலைப்பொழுதே சிறப்பாக வாய்த்தது. அச்சிறு பொழுதினுள் உழவர்க்குரிய ‘வயலும் வாழ்வும்’, சிறுவர்க்குரிய ‘கண்மணிப் பூங்கா’, செய்திகள், நாடகம், கருநாடக இசை, வெள்ளிக்கிழமைதோறும் திரைப்பாடல்களைத் தந்த ‘ஒளியும் ஒலியும்’ ஆகியவை கிழமை முறையில் இடம்பெற்றன.

இப்பெயர்களுள் இரண்டு தமிழாய்வாளர் கருதற்பாலன. ‘வயலும் வாழ்வும்’, ‘ஒளியும் ஒலியும்’ என்னும் இரண்டும் எண்ணும்மை பெற்று, மோனையும் அமைந்து நிற்கின்றன. உம்மை தொகாது விரிந்து நிற்றலால் இரு பொருளும் சமநிலை பெறுகின்றன; செவிக்கும் அவை எளிதில் நிலைக்கின்றன. எழுத்தறியாத உழவரும் கூறத்தக்க பெயர் வேண்டும் என்னும் தேவைக்கு இவ்வமைப்பு நன்கு பொருந்துவதாகும்.

பன்மையின் பயன் யாது? ஒரு வீட்டில் ஒரே பெட்டியும் ஒரே அலைவரிசையும் இருந்த காலத்தில், திரைப்பாடலை எதிர்நோக்கி அமர்ந்தவர் அதற்கு முன் வந்த பயிர்ப்பாதுகாப்பு உரையையும் கேட்டார். உழவர் பேசிய வட்டார வழக்கு நகரத்தார் செவியில் விழுந்தது. செய்தி வாசிப்போரின் திருந்திய ஒலிப்புச் சிற்றூரார் செவியில் விழுந்தது. தாம் விரும்பித் தேடாத தமிழையும் மக்கள் கேட்டனர். கலம்பகத்தைக் கேட்ட அவையோரும், தலைவன் புகழைக் கேட்கப் புகுந்து, குறத்தியின் சொல்லையும் கட்குடியரின் சொல்லையும் உடன் கேட்டனர் அன்றோ? ஈண்டு ஒப்புமை செவ்விதிற் பொருந்துகின்றது.

தொடர்ச்சியும் அவ்வாறே. ஒரு நிகழ்ச்சி முடிந்து மற்றொன்று தொடங்குமுன் அறிவிப்பாளர் தோன்றி, முடிந்ததைக் குறித்து வருவதை உரைப்பார். ஈற்றையும் முதலையும் இணைத்தலின் அவ்வறிவிப்பு அந்தாதியின் தொழிலைச் செய்கின்றது. அதனை வெட்டி எறிந்துவிட்டு நிகழ்ச்சிகளை மட்டும் காப்போமாயின், மாலையின் நாரை உருவிவிட்டுப் பூக்களைக் காத்தவர் ஆவோம்.

மூன்றாவதாகிய தலைமையிலேதான் இடர்ப்பாடு எழுகின்றது. பொது ஒளிபரப்பின் பாட்டுடைத் தலைவர் யார்? 1975 ஜூன் 25ஆம் நாள் நாட்டில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. அதன்பின் இரண்டு திங்கள் நிறையுமுன்னரே சென்னை நிலையம் தோன்றிற்று. அக்காலத்தே வானொலியும் தொலைக்காட்சியும் ஆட்சியாளர் புகழ்பாடப் பயன்பட்டமையை, 1977இல் நடுவணரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை எடுத்துக் காட்டிற்று. இவற்றிற்குத் தன்னாட்சி வேண்டும் என வர்கீஸ் குழு 1978இல் பரிந்துரைத்தது. 1990இல் பிரசார் பாரதிச் சட்டம் இயற்றப்பெற்று 1997இல் நடைமுறைக்கு வந்தது. பொதுமக்களுக்குச் செய்தி அறிவித்தலும், கல்வி அளித்தலும், மகிழ்வூட்டலும் ஒளிபரப்பின் கடமை என அச்சட்டம் கூறுகின்றது. சட்டத்தின் சொற்படி, தலைமை பொதுமக்களுக்கே உரியது. செலவும் அமர்த்தலும் அரசைச் சார்ந்து நிற்றலின், நடைமுறையில் அத்தலைமை முற்றும் கைவந்தது எனக் கூறுதல் இயலாது.

கலம்பகத்தில் மறம் என்றோர் உறுப்பு உண்டு. மகட்கொடை வேண்டி வந்த வேந்தனின் தூதனை மறவர் இகழ்ந்து விடுப்பது அதன் பொருள். அரசனையும் எதிர்க்கும் குரலுக்கு அவ்விலக்கியம் இடம் தருகின்றது. ஆயின் இகழப்படுவோன் வேற்று வேந்தனேயன்றிப் பாட்டுடைத் தலைவன் அல்லன். சென்னைத் தொலைக்காட்சியின் ‘எதிரொலி’ இவ்வெல்லையைக் கடந்தது. நேயர் எழுதிய கடிதங்களைப் படித்து நிலையத்தார் விடை கூறிய நிகழ்ச்சி அது. பாராட்டொடு குறைகூறலும் அதன்கண் இடம்பெற்றது. நிலையத்தைப் பற்றிய குறையை நிலையமே எடுத்து ஒலிப்பது, கலம்பகத்தில் இல்லாத உறுப்பாகும். ஒப்புமை இவ்விடத்தில் முறிகின்றது, முறிதலே நன்று. கேட்போர் பாட்டின் உள்ளே புகுந்து வினவும் உரிமை பெற்றாலன்றி, பொது ஒளிபரப்பு புகழ்மாலையின் வேறாகாது.

1993 ஏப்ரல் 14ஆம் நாள் சன் தொலைக்காட்சி தொடங்கியபின், தனியார் அலைவரிசைகள் பெருகின. செய்திக்கு ஒன்று, இசைக்கு ஒன்று, நகைச்சுவைக்கு ஒன்று, சிறுவர்க்கு ஒன்று எனக் கலம்பகத்தின் உறுப்புகள் தனித்தனி நூல்களாயின. தேர்ந்தெடுக்கும் உரிமை பெருகியது நன்மையே. நாடாதவற்றைக் கேட்கும் வாய்ப்புக் குறைந்தது இழப்பாகும். பொதிகை எனப் பெயர் பெற்று, 2024 ஜனவரியில் டிடி தமிழ் எனப் பெயர் மாறிய அரசு அலைவரிசைக்குப் பன்மையைக் காத்தல் இன்றும் உரிய கடமையாக நிற்கின்றது. தமிழ் வழங்கும் புதுச்சேரியும் காரைக்காலும், மலையாளம் வழங்கும் மாகியும், தெலுங்கு வழங்கும் ஏனாமும் சேர்ந்த நம் ஆட்சிப்பகுதிக்கு இது நன்கு விளங்கும். விளம்பர வருவாயை மட்டும் நோக்குவோர்க்குச் சிறு கூட்டத்தார் நேயராகத் தோன்றார். பொது ஒளிபரப்போ அவர்களையும் நோக்கக் கடமைப்பட்டது.

இவ்வாய்வு தொடர்தற்கு மூலங்கள் வேண்டும். புதுச்சேரி சுவடி காத்த ஊர். 1955இல் நிறுவப்பெற்ற பிரெஞ்சு நிறுவனம் முதலிய இடங்களில் உள்ள சைவச் சுவடிகளை 2005இல் யுனெஸ்கோ உலக நினைவேட்டிற் சேர்த்தது. பிரான்சு நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டம் வானொலி, தொலைக்காட்சி ஒளிபரப்புகளையும் நூல்களைப் போலக் காப்பகத்தில் ஒப்படைக்குமாறு விதித்தது. நம் நாட்டின் 1954ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டம், 1956இல் செய்தித்தாள்களை உட்கொண்டதேயன்றி, ஒளிபரப்பைத் தழுவவில்லை. ஆதலின், சிறந்த நிகழ்ச்சிகளைப் பொறுக்கிக் காத்தலோடு அமையாது, ஆண்டிற்குச் சில நாட்களையேனும் விடியல் முதல் யாமம் வரை அறிவிப்பும் விளம்பரமும் உட்பட முழுமையாகக் காத்தல் வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் இதனைக் கேட்டுப் பெறுதற்கு உரியன. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழ் எவ்வாறு ஒலித்தது, ஒரே மாலையில் யார் யார் தமிழ் ஒருங்கு ஒலித்தது என்பதற்கு, அத்தகைய ஒரு முழுநாட் பதிவு நூறு தனி நிகழ்ச்சிகளினும் தக்க சான்றாகும்.