தோற்புற்று எங்கே பிறக்கிறது?

பஞ்சு நூற்கும் தொழிலுக்கும் தோற்புற்று நோய்க்கும் தொடர்பு இருந்தது என்றால் அங்கத்தினர்கள் வியப்படையக்கூடும். இங்கிலாந்தில் லங்காஷயர் ஆலைகளில் ‘மியூல்’ என்னும் நூற்பு யந்திரத்தில் உழைத்தோருக்குத் தொடையிடுக்கில் இந்நோய் கண்டதை மான்செஸ்டர் வைத்தியர்கள் 1922-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தனர். கதிர்களுக்கு இட்ட தாது எண்ணெய் ஆடையை நனைத்துத் தோலில் ஊறியதே காரணம். நோய் வெளிப்பட்டதோ பல்லாண்டு உழைப்பிற்குப் பின்னர். வேலையை விட்டு விலகியவர்களுக்கும் அது வந்தது. தோல் ஓயாது உதிர்ந்து புதிதாவது. அங்ஙனமாயின், பழைய தோலில் நேர்ந்த தீங்கு இத்தனை காலம் எங்கே தங்கியிருந்தது?

மேல்தோல் பல அடுக்குகளால் ஆனது. அதன் அடிவரிசையிலுள்ள உயிரணுக்களே பிரிந்து பெருகுகின்றன. அவ்வாறு பிறந்தவை படிப்படியாக மேலேறி, தட்டையாகி, இறந்து, ஏறக்குறைய நான்கு வாரங்களில் உதிர்கின்றன. மேலே சென்றவற்றுக்கு நேர்ந்த கேடு அவற்றோடு போய்விடும். ஆனால் அடிவரிசையிலும் மயிர்க்கால்களிலும் மூல உயிரணுக்கள் சில நிலையாகத் தங்குகின்றன. உண்ணும் நெல்லில் உள்ள பழுது ஒரு வேளைச் சோற்றோடு தீரும். விதைநெல்லில் உள்ள பழுதோ ஆண்டுதோறும் வயலில் முளைக்கும். மூல உயிரணுவில் விழுந்த பழுதும் அத்தகையதே.

பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் நகர ஆராய்ச்சியாளர்கள் எலிகளின் தோலணுக்களுக்கு அடையாளமிட்டுப் பின்தொடர்ந்து, 2010, 2011-ஆம் ஆண்டுகளில் முடிவுகளை வெளியிட்டனர். அடியணுப் புற்று மயிர்க்கால்களுக்கு இடைப்பட்ட மேல்தோலிலிருந்து எழுந்தது. செதிலணுப் புற்று மயிர்க்கால் மூல அணுக்களிலிருந்தும் எழக்கூடியதாய் இருந்தது. மூன்றாவது வகையாகிய கருநிறப் புற்று நிறமி அணுக்களில் தோன்றுவது. இவ்வணுக்கள் தோலில் பிறந்தவை அல்ல. கருவில் தண்டுவடம் உருவாகும் இடத்தருகே பிறந்து தோலுக்குக் குடிவந்தவை.

பழுது விழுந்த அணுவெல்லாம் புற்றாவதில்லை. ஒரே அணுவின் வழித்தோன்றல்களில் பல பழுதுகள் சேர்ந்தாலன்றிப் புற்று விளையாது. ஆண்டுகள் பல கழிவதன் காரணம் இதுவே. ஆகவே பழுது சேராமல் காப்பது நம் கையில் பெரும்பாலும் உள்ளது. எண்ணெய் ஊறிய ஆடையை உடனே மாற்றுதல் வேண்டும். மருந்து தெளித்த பின் உடலைக் கழுவுதல் வேண்டும்.

நமது தோலின் கருநிறம் வெயிலின் கொடுமையைப் பெரிதும் தடுக்கிறது. எனினும் கருநிறப் புற்று நம்மவர்க்கு வெயில் படாத உள்ளங்காலிலும், உள்ளங்கையிலும், நகத்தடியிலும் தோன்றுவதுண்டு. பழைய தீப்புண் தழும்பிலும் ஆறாத புண்ணிலும் செதிலணுப் புற்று எழலாம். ஒரு மாதமாகியும் ஆறாத புண், வளர்ந்து வரும் மச்சம், நகத்தடியில் புதிதாகத் தோன்றிய கருங்கோடு ஆகியவற்றைக் கண்டால், பச்சிலை வைத்துக் காலம் போக்காமல் ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். தொடக்கத்திலேயே அகற்றினால் தோற்புற்றுக்களில் பெரும்பாலானவை முற்றிலும் குணமாகும். வேலையினின்று ஓய்வு பெற்ற மூத்த அங்கத்தினர்களுக்கும் இதனை எடுத்துச் சொல்லுதல் நம் கடமையாகும்.