விழுந்த மரத்துக்குக் காவல், நிற்கும் மரத்துக்கு?

புது தில்லி: பங்குனி பிறந்ததும் தலைநகர்வாசிகள் பலர் மலையேறக் கிளம்பிவிடுகின்றனர். இமாசலப் பிரதேசத்தின் குல்லு மாவட்டத்தில் அப்போதும் வெயில் படாத சரிவுகளில் பனி கரையாமல் கிடக்கும். குளிர்காலப் பனியின் பாரம் தாங்காமல் சாய்ந்த மரங்கள் ஒற்றையடிப் பாதையை மறித்துக் கிடக்கும். அங்குள்ள பெரிய இமாலய தேசியப் பூங்காவில் விழுந்த அந்த மரங்களை வண்டியேற்றிச் செல்ல யாருக்கும் உரிமை கிடையாது. பனியே பெய்யாத அந்தமானில் ஒரு மலைப் பாதையையும் அதே உத்தரவுதான் காக்கிறது. அந்த உத்தரவு பிறந்த வழக்கின் மூலமோ நீலகிரி மாவட்டம் கூடலூரில் இருக்கிறது.

2024 செப்டம்பரில் ஸ்ரீவிஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேர் நகரின் கடலோர மேட்டுப் பகுதி மரைன் ஹில். கட்டடக் கலைஞர் சார்லஸ் கோரியா வடிவமைத்த புகழ்பெற்ற விடுதி ஒன்று இங்குதான் உள்ளது. இங்கிருந்து வடக்கே பார்த்தால் துறைமுக நீருக்கு அப்பால் கரும்பச்சையாய் எழுந்து நிற்கிறது மவுண்ட் ஹாரியட். பழைய சிவப்பு நிற 20 ரூபாய் நோட்டின் பின்புறத்தில் நாம் பார்த்துப் பழகிய மலை இதுவே. உயரம் ஏறத்தாழ 365 மீட்டர்தான். இமயத்தில் ஏறி இறங்கியவர்கள் இதை மலை என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஆனால் சரித்திரத்துக்குக் குறைவில்லை. கைதிகள் குடியேற்றத்தின் கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் டைட்லரின் மனைவி ஹாரியட்டின் பெயர் இந்த மலைக்கு வைக்கப்பட்டது. 1872 பிப்ரவரி 8-ம் தேதி வைஸ்ராய் மேயோ பிரபு இந்த மலையிலிருந்து மாலையில் இறங்கி, ஹோப்டவுன் படகுத் துறையை அடைந்தபோது ஷேர் அலி என்ற கைதியால் குத்திக் கொல்லப்பட்டார். 1891 ஆங்கிலேயர் - மணிப்பூர் போருக்குப் பின் நாடு கடத்தப்பட்ட மன்னர் குலச்சந்திர சிங்கும் அவரைச் சேர்ந்தவர்களும் இங்கு வைக்கப்பட்டிருந்தனர். அதன் நினைவாக 2021 அக்டோபரில் மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா இந்த மலைக்கு மவுண்ட் மணிப்பூர் என்ற பெயரை அறிவித்தார்.

சாத்தம் துறையிலிருந்து படகில் பேம்பூ பிளாட் சென்று, அங்கிருந்து சாலை வழியே உச்சியை அடையலாம். நடைபாதை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. காலா பத்தர் எனப்படும் கரும்பாறையைக் கடந்து, கடலோர மதுபன் வரை காட்டினூடே அது இறங்கிச் செல்கிறது. கைதிகளை அந்தப் பாறையிலிருந்து தள்ளிவிடுவார்கள் என்று அங்கு ஒரு செய்தி வழங்குகிறது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் ஓய்ந்த பிப்ரவரி, மார்ச் மாதங்களே நடக்க ஏற்ற காலம். பாடாக் மரங்கள் இலையுதிர்த்து நிற்க, மழைக்காலத்தில் காலைக் கவ்வும் அட்டைகளின் தொல்லையும் குறைந்திருக்கும்.

பாதையில் அடிக்கடி குறுக்கிடுபவை விழுந்த மரங்கள். இத்தகைய மழைக்காடுகளில் வேர்கள் ஆழமாக இறங்குவதில்லை. பலகை போலப் பக்கவாட்டில் விரிந்து மரத்தைத் தாங்குகின்றன. மாதக்கணக்கில் மழை குடித்து இளகிய மண்ணில் புயற்காற்று வீசினால் பெருமரமும் வேரோடு சாய்கிறது. விழுந்த இடத்தில் வானம் திறக்கிறது. அதுவரை நிழலில் ஏங்கிக் கிடந்த நாற்றுகள் வெயிலைக் கண்டு எழுகின்றன. கிடக்கும் மரத்தில் காளான், வண்டு, பூரான், பல்லி எனப் பல உயிர்கள் குடியேறுகின்றன. காட்டுக்கு அது சேதம் அல்ல; விதைப்பு.

மர வியாபாரிக்கோ அது பணம். ‘காற்றில் விழுந்தது’ என்று கணக்கெழுதி, நிற்கும் மரத்தையும் சாய்க்கும் தந்திரம் காட்டை அறிந்தவர்களுக்குப் புதிதல்ல. கூடலூரில் நடந்த மரவெட்டை எதிர்த்து நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995-ல் உச்ச நீதிமன்றம் சென்றார். ஓர் ஊரின் வழக்கு நாடு முழுமைக்குமான வன வழக்காக விரிந்தது. அதில் 2000 பிப்ரவரி 14-ம் தேதி பிறந்த உத்தரவு, தேசியப் பூங்காக்களிலும் சரணாலயங்களிலும் பட்டுப்போன, நோயுற்ற, காற்றில் விழுந்த மரங்களையும், ஒதுங்கிய கட்டைகளையும், புல்லையும்கூட அகற்றத் தடை விதித்தது. அதே வழக்கில், சேகர் சிங் ஆணையத்தின் அறிக்கைக்குப் பின் 2002 மே 7-ம் தேதி மற்றோர் உத்தரவு வந்தது. அந்தமான் நிகோபார் காடுகளில் இயற்கையாக வளர்ந்த மரங்களைத் தீவு மக்களின் சொந்தத் தேவைக்கன்றி வெட்டக் கூடாது என்றது அது. 1883 முதல் மரம் அறுத்துவந்த சாத்தம் ஆலையைப் பெருமையாகக் காட்டும் தீவுகளுக்கு இது பெரிய திருப்பம்.

இவ்வளவு காவலும் ‘பூங்கா’, ‘சரணாலயம்’ என்ற பெயர் நீடிக்கும் வரைதான். கிரேட் நிகோபாரின் கலாத்தியா விரிகுடா, பெரிய தோல்முதுகு ஆமைகள் முட்டையிடும் கரை. சரணாலயமாக இருந்த வரை அங்கு ஒதுங்கும் கட்டையைக்கூட எடுக்க முடியாது. 2021 ஜனவரியில், துறைமுகத் திட்டத்துக்காக அந்தச் சரணாலய அந்தஸ்தையே நீக்க தேசிய வன உயிரின வாரியத்தின் நிலைக்குழு இசைந்தது. 2022-ல் சுமார் 130 சதுர கி.மீ. வனத்தைத் திட்டத்துக்கு அளிக்க மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது. வெட்டப்படக்கூடிய மரங்கள் 9.64 லட்சம் என 2023-ல் மாநிலங்களவையில் அமைச்சரே தெரிவித்தார். அந்தக் காட்டில் ஷோம்பென் பழங்குடியினர் வாழ்கின்றனர்.

துறைமுகம் நாட்டின் பாதுகாப்புக்கும் வணிகத்துக்கும் அவசியம் என்கிறது அரசு. அந்த வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனால், இழக்கும் காட்டுக்கு ஈடு என்று காட்டப்படுவதை எப்படி ஏற்பது? மாற்றுக் காடு வளர்க்க ஒதுக்கப்பட்ட நிலம் ஹரியாணாவில் உள்ளது. கலாத்தியாவிலிருந்து அது சுமார் 3,000 கி.மீ. தொலைவு.