பெத்லகேம் கிணற்றுத் தண்ணீர்

எபிரெயர்களின் வேத நூல்களுள் ஒன்றான சாமுவேலின் இரண்டாம் புத்தகத்தில், 23-ஆம் அதிகாரத்திலே ஒரு ஜாபிதா காணப்படுகிறது. தாவீது அரசனுடைய படையில் பெயர் பெற்று விளங்கிய 37 வீரர்களின் ஜாபிதா அது. வெறும் பெயர்கள்தாமே என்று நாம் பக்கத்தைப் புரட்டிவிடலாகாது. வீரமும் விசுவாசமும் இன்னவை என்பதை அதில் கண்கூடாகக் காண்கிறோம்.

எலெயாசார் என்பவன் பெலிஸ்தரோடு பொருது கை சோர்ந்த பின்னும் வாளை விடவில்லை. கை வாளோடு ஒட்டிக்கொண்டதாம். பயறு விளைந்த வயல் ஒன்றை விட்டு ஜனங்கள் ஓடியபோது, சம்மா என்பவன் அதன் நடுவே நின்று பகைவரை முறியடித்தான். ஒரு பயற்று வயலுக்காகவா உயிரைப் பணயம் வைப்பது? சொந்த மண் என்று வந்துவிட்டால் அதில் சிறிது பெரிது ஏது?

இவற்றினும் நம் மனத்தை உருக்குவது மற்றொரு வரலாறு. அறுவடைக் காலம். தாவீது அதுல்லாம் குகையில் இருந்தான். அவன் பிறந்த ஊராகிய பெத்லகேமில் பெலிஸ்தரின் காவற்படை இறங்கியிருந்தது. தாகம் மேலிட்ட தாவீது, அவ்வூர் வாசலண்டையிலுள்ள கிணற்றுத் தண்ணீர் கிடைக்காதா என்று ஏங்கினான். அது கட்டளையன்று, ஏக்கமே. ஆயினும் மூன்று வீரர்கள் பகைவரின் அணியைப் பிளந்து சென்று, தண்ணீர் மொண்டு வந்து அவன் முன் வைத்தார்கள். தாவீது அதைப் பருகவில்லை. உயிரைத் துச்சமாக மதித்துச் சென்றவர்களின் இரத்தம் அல்லவா இது என்று சொல்லி, கடவுளுக்கு அர்ப்பணமாகத் தரையில் ஊற்றிவிட்டான். வீரரின் உயிர் தன் தாகத்தினும் பெரிது என்று அன்று அவன் அறிந்திருந்தான்.

பிற்காலத்தில் அதே தாவீது அதை மறந்தான். அவன் படை அம்மோனியரின் ரப்பா நகரை முற்றுகையிட்டிருந்தபோது, போர்க்களத்திலிருந்த உரியாவின் மனைவி பத்சேபாளை அரண்மனைக்கு வரவழைத்தான். அவள் கருவுற்றதும், குற்றத்தை மறைக்க எண்ணி உரியாவை ஊருக்கு அழைத்து, வீட்டுக்குப் போகச் சொன்னான். உரியாவோ, தோழர்கள் வெட்டவெளியில் பாளயமிறங்கியிருக்க, தனக்கு வீட்டுச் சுகம் எதற்கு என்று அரண்மனை வாசலிலே படுத்துக்கொண்டான். பிறகு அரசன், உரியாவைக் கடும்போர் நடக்கும் முனையில் நிறுத்திவிட்டுப் பின்வாங்கும்படி சேனாபதி யோவாபுக்கு ஓலை எழுதினான். அவ்வோலையை உரியாவின் கையிலேயே கொடுத்தனுப்பினான்! உரியா களத்தில் மாண்டான்.

நாத்தான் என்னும் தீர்க்கதரிசி அரசன் முகத்துக்கு நேரே குற்றத்தை எடுத்துரைத்தார். அரசனும் அதை ஒப்புக்கொண்டான்.

மேற்சொன்ன ஜாபிதாவுக்கு வருவோம். அதை எழுதியவர் அரசனுக்கு இழுக்கு வருமே என்று எதையும் மறைக்கவில்லை. தண்ணீர் கொணர்ந்த மூவரின் பெயரை அவர் சொல்லவில்லை. ஆனால், ஜாபிதாவின் கடைசியில் நிற்கும் பெயர் எது தெரியுமா? ஏத்தியனாகிய உரியா!

வீரர் தலைவனுக்கு உண்மையாயிருந்தால் மட்டும் போதாது. தலைவனும் வீரருக்கு உண்மையாயிருத்தல் வேண்டும். அந்தக் கடைசிப் பெயர் நமக்கு உணர்த்துவது இதுவே.