மஞ்சள் விளக்கும் வாவிக்கரை உப்பும்

ஜீப்போடு குடித்தனம் – 9

டயர் கதையைச் சென்ற வாரத்தோடு முடித்துக்கொண்டோம். இந்த வாரம் ஸ்டியரிங்குக்கு நேர் முன்னால், மீட்டரில் எரிகிற விளக்குகள். விளக்கு எரிகிறதே என்று கவலைப்படுகிறவர்கள்தான் அதிகம். எரிய வேண்டிய நேரத்தில் எரியாத விளக்கைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அங்கிருந்தே தொடங்கலாம்.

சாவி வண்டியென்றால் சாவியை ‘ஓன்’ வரை மட்டும் திருப்புங்கள். பட்டன் வண்டியென்றால் பிரேக்கை மிதிக்காமல் பட்டனை இரண்டு தரம் அழுத்துங்கள். எஞ்சின் ஓடக்கூடாது. எஞ்சின், எண்ணெய், பற்றரி, ஏபிஎஸ், எயார்பேக் என்று மீட்டரில் ஒரு கூட்டமே எரியும். ஏபிஎஸ்ஸும் எயார்பேக்கும் சில விநாடிகளில் தாமாகவே அணைந்துவிடும். மற்றவை எஞ்சின் ஓடத் தொடங்கியபின் அணையும். எயார்பேக் விளக்கு ஒரு கணம்கூட எரியவில்லையென்றால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். சொந்தப் பாவனை வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருடமும் நாட்டுக்குள் இருந்த வண்டிகளே கைமாறிக் கைமாறி விலை ஏறின. பல்பைப் பிடுங்குவது, கறுப்பு டேப் ஒட்டுவது, வண்டியின் கணினி பதிந்துவைக்கிற பழுதுக் குறியீட்டை, அதாவது ‘கோடை’, விற்கிற அன்று காலையில் அழிப்பது எல்லாம் பழைய வண்டி வியாபாரத்தில் உள்ள வித்தைகள்தான். கோடை அழித்தபின் எத்தனை கிலோமீற்றர் ஓடியிருக்கிறது என்பதைப் பல வண்டிகளில் ஸ்கேனரே சொல்லும். வாங்கப் போகிறவர் அந்த ஒரு எண்ணைக் கேட்டுப் பார்க்கவேண்டும். ஒற்றை இலக்கத்தில் இருந்தால், விலை பேசுவதை அடுத்த நாளுக்குத் தள்ளிவையுங்கள்.

நிறங்கள் எல்லோரும் அறிந்தவை. சிவப்பு என்றால் நிறுத்து, மஞ்சள் என்றால் சீக்கிரம் பார், பச்சையும் நீலமும் வெறும் தகவல். ஜப்பானிலிருந்து வந்த றீ-கண்டிஷன் வண்டிகளில் திரையில் ஓடுகிற எழுத்து நமக்குப் புரியாது, ஆனால் படங்கள் உலகம் முழுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். ஐஎஸ்ஓ 2575 என்ற தரநிலை அவற்றை வகுத்திருக்கிறது. எழுத்து வந்தால் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். மொழிபெயர்க்கும் செயலி அதை வாசித்துச் சொல்லும். கராஜில் காட்டவும் உதவும்.

சிவப்பு விளக்குகளில் பலரும் பிழையாக விளங்கிக்கொள்வது எண்ணெய் விளக்கு. அலாவுதீன் கதை விளக்கைப் போன்ற படம். ‘ஒயில் மாத்தும் நாள் வந்திட்டுது போல’ என்று ஓட்டிக்கொண்டே போகிறார்கள். அது சொல்வது எண்ணெயின் அழுத்தம் விழுந்துவிட்டதென்று. அந்த நிலையில் எஞ்சின் உலோகத்தோடு உலோகம் உரசிக்கொண்டு ஓடும். ஓரம்கட்டி எஞ்சினை நிறுத்துவதைத் தவிர வேறு வழி இல்லை. அடுத்த சந்தி வரை என்ற பேச்சே வேண்டாம்.

இனி நம்ம பகுதிக்கே உரிய விஷயம். கல்லடியிலிருந்து காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி என்று போகிற பாதை, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக ஓர் ஒடுக்கமான மணல் திட்டில் கிடக்கிறது. இரண்டு பக்கமும் உப்பு. வண்டி ஓடினாலும் உப்பு, நிறுத்தி வைத்தாலும் உப்பு. கராஜ்காரர்களோடு பேசினால், இங்கே வருகிற மஞ்சள் விளக்குகளில் பல, பாகம் கெட்டு எரிபவை இல்லை, வயரும் கனெக்டரும் கெட்டு எரிபவை என்று தெரியவரும்.

கல்லடிப் பக்கம் ஒரு கராஜில் பார்த்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் டொயோட்டா ஜீப்பைக் கொண்டுவந்திருந்தார். ஏபிஎஸ் விளக்கு, வழுக்கல் கட்டுப்பாட்டு விளக்கு, நாலு சக்கர இயக்கத்தின் விளக்கு மூன்றும் ஒன்றாக எரிந்தன.

“தம்பி, நாளைக்குக் கொழும்புக்குப் போறம். இந்த லைட்டுகள மட்டும் அணைச்சுத் தாங்க. மத்தத மறுகா வந்து செய்வம்.”

“அணைக்கிறது ஒரு நிமிச வேல, சேர். ஆனா என்னண்டு பாக்காம அழிச்சா, நீங்க செங்கலடி தாண்டுறதுக்குள்ள திரும்ப வந்திரும்.”

ஸ்கேனரில் ஒரேயொரு கோட் வந்தது: சி0210. பின்பக்க வலது சக்கரத்தின் வேக சென்சர். மெக்கானிக் வண்டியை ஜக்கில் தூக்கி, அந்தச் சக்கரத்துக்குப் போகிற கனெக்டரைக் கழற்றினார். பித்தளைப் பின்னில் பச்சைப் பொடி, பக்கத்தில் காய்ந்துபோன சேறு. கனெக்டர் கழுவுகிற ஸ்பிரேயை அடித்து, மெல்லிய தூரிகையால் தேய்த்து, காயவிட்டு, நீர் புகாத கிரீஸ் கொஞ்சம் தடவி மாட்டினார். பிறகுதான் கோடை அழித்தார். கல்லடிப் பாலம் வரை ஓட்டிவிட்டு வந்தார்கள். மூன்றும் அணைந்தே இருந்தன. மூன்று விளக்கு எரிந்ததால் மூன்று பழுது என்று கணக்குப் போட்டிருந்தால் செலவு எங்கேயோ போயிருக்கும். அந்தச் சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்ற தகவலை நம்பித்தான் அந்த மூன்று ஏற்பாடுகளும் வேலை செய்கின்றன. தகவல் நின்றதும் மூன்றும் ஒன்றாகக் கைவிரித்துவிட்டன.

கார்த்திகை, மார்கழி மழையில், வாவிக்கு அக்கரையில் உள்ள படுவான்கரைப் பாதைகள் நீருக்குள் போவது நமக்குப் புதிதில்லை. 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபின் கொக்கட்டிச்சோலைப் பக்கம் குடும்பத்தோடு ஜீப்பில் போய்வருவது சுலபமாயிற்று. ஜீப்தானே என்று வெள்ளத்தில் இறக்குவதும் கூடிவிட்டது. உயரமான வண்டிதான், ஆனால் சக்கர சென்சர் உயரத்தில் இல்லை. வெள்ளத்தைக் கடந்த கையோடு நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். நீருக்குள் வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவே கூடாது. சிலிண்டருக்குள் நீர் போயிருந்தால் அந்த ஒரு முயற்சியில் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். வயல்பக்கம் நிறுத்துகிறவர்களுக்கு எலி ஒரு தனிக் கதை. அதை இன்னொரு வாரம் எழுதுகிறேன்.

எஞ்சின் விளக்குக்கு வருவோம். நிலையாக எரிந்தால் மெதுவாக வீட்டுக்கோ கராஜுக்கோ கொண்டுபோகலாம். கண்சிமிட்டினால் ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை. எரியாத பெற்றோல் சைலன்சர் பக்கம் போய் விலைமதிப்பான கட்டலிட்டிக் கன்வேர்ட்டரை எரித்துக்கொண்டிருக்கிறது. அக்சிலரேட்டரை விட்டு ஓரம்கட்டுங்கள். கோட் பி0302 என்று வந்தால் கடைசி எண் சிலிண்டரைச் சொல்கிறது, இரண்டாவது. நல்ல மெக்கானிக் உடனே கொயிலை வாங்கச் சொல்லமாட்டார். இரண்டாவது சிலிண்டரின் கொயிலைக் கழற்றி மூன்றாவதில் போட்டு, கோடை அழித்து ஓட்டிப்பார்ப்பார். கோட் பி0303 ஆக மாறி வந்தால் கொயில் போய்விட்டது. பி0302 ஆகவே நின்றால் பிளக், இன்ஜெக்டர், வயர் பக்கம் தேடவேண்டும். செலவு, ஒரு பத்து மிமீ சாவியும் கொஞ்ச நேரமும். கோட் சந்தேகப்பட வேண்டிய இடத்தைக் காட்டும், அவ்வளவுதான். எந்தப் பாகத்தை வாங்குவது என்பதை மனிதர்தான் சோதித்துக் கண்டுபிடிக்கவேண்டும்.

ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே, 16 பின் கொண்ட ஒரு சொக்கெட் இருக்கும். அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து கட்டாயமானது. ஜப்பான் வண்டிகளிலும் இதே வடிவம்தான். புளூடூத் உள்ள சின்ன ஈஎல்எம்327 வகைக் கருவி ஒன்றை அதில் செருகினால் கோட் போனில் வந்துவிடும். வீட்டில் ஒன்று வைத்திருப்பது நல்லது. ஆனால் மலிவான கருவிகள் பெரும்பாலும் எஞ்சினை மட்டுமே வாசிக்கும். ஏபிஎஸ், எயார்பேக், ஹைபிரிட் பற்றரி பற்றி அவை வாய்திறக்கவில்லை என்பதற்காக அங்கே எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பற்றரி வயரைக் கழற்றி மாட்டினால் விளக்குப் போகும் என்பது நம்மூரில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். எஞ்சின் விளக்குப் போகும்தான். கூடவே, பழுது வந்த கணத்தில் வண்டி என்ன வேகத்தில், என்ன சூட்டில் ஓடியது என்று கணினி பிடித்துவைத்திருந்த பதிவும் போய்விடும். மெக்கானிக்குக் கிடைக்கக்கூடிய நல்ல தடயம் அதுதான். இன்னொரு தொல்லையும் உண்டு: ஜப்பான் டொயோட்டா செட்டுகள் பலவற்றில் பற்றரியைக் கழற்றியதும் ரேடியோ பூட்டிக்கொண்டு ‘ஈஆர்சி’ இலக்கம் கேட்கும். அதைத் திறக்கத் தனியாக ஆள்தேடி அலையவேண்டும். பழுது உண்மையிலேயே போய்விட்டால் எஞ்சின் விளக்கு சில ஓட்டங்களுக்குப்பின் தானாகவே அணையும்.

சில வேளை மீட்டரே திருவிழாப் பந்தலாக எரியும். பயப்படுவதற்கு முன் 12 வோல்ட் பற்றரியை அளந்து பாருங்கள். நிறுத்திவைத்த வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் நிறைவு. 12க்குக் கிட்ட இறங்கிவிட்டால் கணினிகள் ஒன்றோடொன்று பேசமுடியாமல் வாய்க்கு வந்ததைச் சொல்லும். 2022இல் எரிபொருள் இல்லாமல் வாரக்கணக்கில் நின்ற வண்டிகளுக்குப் பெற்றோல் கிடைத்தபின் வந்த விளக்குகளில் பல இந்த வகைதான். ஹைபிரிட்டுக்கும் இந்தச் சின்ன பற்றரி உண்டு, பலருக்கு அது எங்கே இருக்கிறதென்றே தெரியாது. பெரிய பற்றரிக்குக் காற்றுப் போகிற துவாரம் பின் இருக்கைக்குப் பக்கத்திலோ அடியிலோ இருக்கும். கடற்கரை மணலும் பிள்ளைகளின் டொபி உறையும் அதை அடைத்தால் பற்றரி சூடாகி ஹைபிரிட் விளக்கு எரியும். துவாரத்தை நீங்களே துப்புரவாக்கலாம். செம்மஞ்சள் நிறக் கேபிள் எதையும் தொடவேண்டாம். அதில் ஓடுவது ஆளைக் கொல்லும் மின்சாரம்.

இரட்டைக் கிளட்சு கியர்பெட்டி உள்ள ஹொண்டா வெசல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கோயில் திருவிழா நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது கியர்பெட்டி சூடாகிவிட்டது என்ற எச்சரிக்கை வந்தால், அந்த இரட்டைக் கிளட்சு களைத்துவிட்டது என்று பொருள். ஓரமாக நிறுத்தி, ‘பி’யில் போட்டு, எச்சரிக்கை மறையும்வரை பொறுங்கள். முன்னால் உள்ள வண்டியோடு ஒட்டிக்கொண்டு ஊராமல், இடம் விட்டு, ஒரேயடியாக நகர்ந்து பழகுங்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ரீசெட் என்றால் டயர்க் காற்று விளக்குத்தான். சாரதிக் கதவுத் தூணில் உள்ள ஜப்பான் லேபலில் 230 கேபீஏ என்றிருந்தால், காற்றுக் கடையில் 33 என்று சொல்லுங்கள். டயர் குளிர்ந்திருக்கும்போது நாலுக்கும் அடித்தபின், காற்று விளக்கின் படம் போட்ட பட்டனை அழுத்திப் பிடித்தால் டொயோட்டாக்கள் பலவற்றில் விளக்கு மூன்று தரம் மெதுவாகச் சிமிட்டும், வேலை முடிந்தது. காற்றடிக்காமல் பட்டனை மட்டும் அழுத்தினால், குறைந்த காற்றையே சரியான அளவென்று வண்டி மனப்பாடம் பண்ணிக்கொள்ளும்.

எயார்பேக் விளக்கை மட்டும் வீட்டில் தொடாதீர்கள். இருக்கைக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் இருக்கும். உள்ளே துப்புரவு பண்ணும்போது அது தளர்ந்து விளக்கு வருவது சாதாரணம். என்றாலும் மல்டிமீட்டர் வைத்து அளக்கப் போய் எயார்பேக் வெடிக்கிற அபாயம் உண்டு.

விளக்கே எரியாத எயார்பேக் பழுதும் ஒன்று உண்டு. டகாட்டா நிறுவனத்தின் இன்ஃப்ளேட்டர்களில் இருந்த அமோனியம் நைட்ரேட், வெப்பமும் ஈரப்பதனும் சேர்ந்த காலநிலையில் வருடக்கணக்கில் இருந்தால் சிதைகிறது. விபத்தில் எயார்பேக் விரியும்போது உலோகத் துண்டுகளும் சேர்ந்து பாய்ந்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். உலகம் முழுவதும் ஏறக்குறைய 10 கோடி இன்ஃப்ளேட்டர்கள் திரும்ப அழைக்கப்பட்டன. நிறுவனம் 2017இல் திவாலானது. மீட்டர் இதை ஒருபோதும் காட்டாது. வெப்பமும் ஈரப்பதனும் நம்ம வாவிக்கரையில் வருடம் முழுக்க இருக்கின்றன. வண்டிப் புத்தகத்தில் சாசி இலக்கம் இருக்கும். அதை வண்டித் தயாரிப்பு நிறுவனத்தின் இலங்கை முகவரிடமோ, ஜப்பானில் அந்த நிறுவனம் நடத்தும் இணையத்தளத்திலோ கொடுத்து, உங்கள் வண்டி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.

(தொடரும்)