‘உய்’ சொல்வதற்கு முன் ஓர் உரைபெயர்ப்பாளர்



ஆஸ்பத்திரிக்கு உரைபெயர்ப்பாளர் வருகிறாரே, கராஜுக்கு ஏன் வருவதில்லை என்று நேயர்கள் என்னிடம் கேட்பதுண்டு. மொன்றியலில் ஆஸ்பத்திரிகளுக்கு ஆளனுப்பும் பொதுச் சேவை, சுகாதார, சமூக சேவைகளுக்கு உரியது. வாகனத் திருத்த வேலைக்கு ஆளை நாங்கள்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

வாயால் பேசுவதை மாற்றிச் சொல்பவர் உரைபெயர்ப்பாளர். எழுத்தில் உள்ளதை மாற்றுபவர் மொழிபெயர்ப்பாளர். இரு தொழிலுக்கும் கியூபெக்கில் ‘ஒத்தியாக்’ என்ற தொழில்முறைச் சங்கம் உண்டு. அதன் இணையப் பட்டியலில் முதலில் தேடுங்கள். ‘அக்ரேயே’ என்று பட்டம் போட அதன் உறுப்பினருக்கே உரிமை உண்டு. அங்கே தமிழுக்கு ஆள் அகப்படாவிட்டால், வாகனம் தெரிந்த, பிரெஞ்சு நன்றாகப் பேசும் ஒருவரைப் பிடியுங்கள்.

மொழி தெரிந்தால் மட்டும் போதாது. பிரெஞ்சில் ‘பூஜி’ என்றால் மெழுகுதிரி. கராஜில் அதுவே ஸ்பார்க் பிளக். ‘ஒம்பிரயாஜ்’ என்றால் கிளச். ‘ஃப்ரான்’ என்றால் பிரேக். அமர்த்துமுன் இப்படி ஐந்தாறு சொற்களைத் தொலைபேசியில் கேட்டுப் பாருங்கள். தெரியாததைத் தெரியாது என்பவரை நம்பலாம். ஊகித்துச் சொல்பவர் வேண்டாம். கராஜ் ஊழியரையோ உங்கள் சின்னப் பிள்ளையையோ இதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

எப்போது கூப்பிடுவது? பில் வந்தபிறகல்ல, சம்மதம் சொல்லுமுன்.

கியூபெக் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, 100 டொலருக்கு மேற்பட்ட வாகனத் திருத்தத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் மதிப்பீடு தரவேண்டும். அது வேண்டாமென்றால் நீங்களே உங்கள் கைப்பட எழுதிக் கையொப்பமிட வேண்டும். ஆகவே, ஒரு பிரெஞ்சு வசனத்தைப் பார்த்து எழுதச் சொன்னால், பேனையைக் கீழே வைத்துவிட்டு உரைபெயர்ப்பாளரை அழையுங்கள்.

மதிப்பீட்டில் இல்லாத வேலைக்கும் உங்கள் சம்மதம் தேவை. அதைத் தொலைபேசியில் வாயாலும் கொடுக்கலாம். திகதி, நேரம், சொன்னவர் பெயர் ஆகியவற்றைக் கராஜ்காரர் குறித்துக்கொள்வார். விளங்காமல் சொன்ன ‘உய், உய்’யும் சம்மதமாகப் பதிவாகலாம். “பிறகு எடுக்கிறேன்” என்று வைத்துவிட்டு, உரைபெயர்ப்பாளரையும் இணைத்து மூவராகப் பேசுங்கள்.

இரண்டு கேள்விகளை அவர் மூலம் கேட்க மறவாதீர்கள். கழற்றிய பழைய பாகங்களைத் தருவீர்களா? இதை வேலை கொடுக்கும்போதே கேட்க வேண்டும். உத்தரவாதம் பில்லில் எழுதப்பட்டுள்ளதா? திருத்த வேலைக்குச் சட்டம் தரும் உத்தரவாதம் 3 மாதம் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முந்துகிறதோ அது.