உஷார்! பாத்ரூம் சுவரில் கை வைக்கும் முன் வீட்டின் வயதைப் பாருங்கள்

அமெரிக்காவில் பழைய வீடு வாங்கியிருக்கும் நம்மவர்களே, குளியலறைச் சுவர் ஊறி உப்பிவிட்டதென்று சுத்தியலையும் சாண்ட்பேப்பரையும் எடுத்துவிட்டீர்களா? முதலில் அவற்றைக் கீழே வையுங்கள். வீடு எந்த வருடம் கட்டியது என்று பாருங்கள். 1980-க்கு முன் என்றால், அந்தச் சுவரைத் தேய்ப்பது உங்கள் வீட்டுக் குழந்தைக்கே விஷம் தூவுவதாக முடியலாம்.

அங்கே உட்சுவர் என்பது டிரைவால். மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகையைத் திருகி, இணைப்புகளில் டேப் ஒட்டி, மேலே பூச்சு பூசித் தேய்த்துச் சமமாக்குவார்கள். கத்தியாலேயே வெட்டலாம், சாமான் எல்லாம் கடையில் கிடைக்கிறது, வீடியோவும் இருக்கிறது. அதனால்தான் ஆளுக்கு ஆள் துணிந்து இறங்குகிறார்கள்.

வினை அந்தப் பூச்சில் இருக்கிறது. 1970-களின் பிற்பகுதி வரை அதில் ஆஸ்பெஸ்டாஸ் கலப்பது சாதாரணம். 1977-இல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் அத்தகைய பூச்சுகளைத் தடை செய்தது. ஆனால் அதற்கு முன் பூசிய சுவர்கள் இன்னும் நிற்கின்றன. கலைக்காத வரை அவற்றால் பெரிய கெடுதல் இல்லை. தேய்த்தாலோ கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் பறந்து நுரையீரலில் தங்கிவிடும். இருமலோ எரிச்சலோ அன்றைக்கு எதுவும் தெரியாது. மீசோதீலியோமா என்ற கொடிய புற்றுநோய் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தலைகாட்டும்.

மேலே அடித்த பெயிண்டையும் நம்பாதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்குத் தடை வந்தது 1978-இல். அதற்கு முந்தைய பெயிண்ட் தூளாகித் தரையில் படியும். தவழும் பிள்ளை கையை வாயில் வைத்தால் போதும், ஈயம் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இதற்குப் பாதுகாப்பான அளவென்று எதுவும் இல்லை. 1978-க்கு முந்தைய வீட்டில் பெயிண்டைக் கலைத்து வேலை செய்ய ஒப்பந்தக்காரருக்குச் சான்றிதழ் கட்டாயம். சொந்த வீட்டில் தானே வேலை செய்பவரை அந்த விதி கட்டுப்படுத்தாது. அதாவது, உங்களைத் தடுக்க யாரும் வரமாட்டார்கள். நீங்கள்தான் உங்களைத் தடுத்துக்கொள்ள வேண்டும்.

புது வீடென்றாலும் அசட்டை வேண்டாம். டிரைவாலின் காகிதம் பூஞ்சைக்கு நல்ல தீனி. நனைந்து 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலராவிட்டால் பூஞ்சை பிடிக்கும். அதன்மேல் பெயிண்ட் அடித்து மறைக்கவே கூடாது. கசிவை நிறுத்தி, நனைந்த பலகையை வெட்டி எறிந்து, உள்ளே மரம் நன்றாகக் காய்ந்த பிறகே மூடுங்கள். பூஞ்சை 10 சதுர அடிக்கு மேல் பரவியிருந்தால் தேர்ந்தவரை அழையுங்கள். ஷவர் பகுதியில் டைலுக்குப் பின்னால், ஈரம் தாங்கும் பச்சை நிற டிரைவால்கூடப் போதாது. சிமென்ட் பலகையும் நீர்த்தடுப்புப் பூச்சும் வேண்டும்.

இவற்றை மறக்காதீர்கள்:

• பழைய வீடானால் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ஆஸ்பெஸ்டாஸ், ஈயம் இரண்டுக்கும் சோதனை. மாதிரியைப் பயிற்சி பெற்றவரே எடுக்கட்டும்.

• சுவரை உலர்வாகத் தேய்க்காதீர்கள். தூசியைத் துடைப்பத்தாலோ சாதாரண வேக்யூமாலோ கூட்டாதீர்கள், இன்னும் பரவும்.

• துணி மாஸ்க் ஆஸ்பெஸ்டாஸைத் தடுக்காது.

• வெட்டும் முன் பிரேக்கரை அணையுங்கள். பலகைக்குப் பின்னால் மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் ஓடும்.

• குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வேலை நடக்கும் பக்கமே வரக்கூடாது.

சோதனைக்கு ஆகும் செலவு சிகிச்சைச் செலவுக்கு முன் ஒன்றுமே இல்லை. கசிவை நிறுத்திவிட்டு, ஊறிய சுவரோடு சில நாள் இருப்பது அதைத் தேய்ப்பதைவிட மேல். ஆய்வக முடிவு கைக்கு வரும் வரை அந்தச் சுவரைத் தொடாதீர்கள்!